சந்தேகம் வந்தால் மூன்று

அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். கூட்டம் நடந்தது சங்கத்து உரக்கிடங்கில். வேறு இடம் எங்களுக்குக் கிடையாது. தலைவர் கதவுக்கு எதிரே, கைவைத்த ஒரே நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம், மடக்கு நாற்காலியில், தண்ணீர்ப் பரிசோதனை அதிகாரி, மடியில் கோப்போடு. கிடங்குக்காரர் வழக்கம்போல் யூரியா மூட்டைகளின் மேல், கால் தரையில் படாமல். தராசுக்குப் பக்கத்தில், கவிழ்த்துவைத்த வாளியின் மேல் கடைமடைக்காரர். வாய்க்கால் அவர் வயலில்தான் முடிகிறது, அதனால் அந்தப் பெயர். பால்காரம்மா வாசலோரம், நின்றபடி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் சுவரோரப் பெஞ்சின் இடது முனையில், நோட்டோடு. அந்தப் பெஞ்சு இரண்டு பேருக்கானது. மற்றப் பாதியில் யாரும் உட்காரவில்லை. என் மனைவி இறந்த நாளிலிருந்து யாரும் உட்காருவதில்லை. நான் யாரையும் தடுத்ததும் இல்லை.

நான் சங்கத்தின் செயலாளர். கையில் எப்போதும் நோட்டு இருப்பதால் எனக்குப் பெயரே ‘நோட்டு’ என்றாகிவிட்டது. சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதினேழு வயல், எல்லாம் மக்காச்சோளம். நடுவில் ஒரு கிணறு. வயலுக்குப் பாய்வதும் அந்தத் தண்ணீர்தான், எங்கள் இருபத்திரண்டு வீட்டுக் குழாய்களில் வருவதும் அதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் நைட்ரேட் அளவு மீறி, குடிக்கக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். எங்களுடையது மணல் கலந்த மண். எதையும் பிடித்துவைக்கத் தெரியாது. போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம், பாய்ச்சிய தண்ணீரோடு இறங்கி நேராகக் கிணற்றுக்குப் போய்விடும். அப்போதுதான் சங்கம் ஆரம்பித்தோம். விதி ஒன்றே ஒன்று. நினைத்தபோது யாரும் யூரியா போடக் கூடாது. வாரம் ஒருமுறை இலையின் நிறம் பார்க்க வேண்டும். இலை வெளுத்திருந்தால் செயலாளர் சீட்டு எழுதுவார். சீட்டைக் காட்டினால்தான் கிடங்கில் மூட்டை.

நிறம் பார்ப்பதற்கு ஓர் அட்டை உண்டு. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பட்டை, அதில் நான்கு பச்சைக் கட்டங்கள், வெளிறியதிலிருந்து கறுத்தது வரை: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒரு வயலுக்குப் பத்துச் செடி, செடிக்கு ஓர் இலை. வெயில் நேராகப் படாமல் நம் உடம்பின் நிழலை இலைமேல் விழவிட்டு, அட்டையைப் பக்கத்தில் வைத்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும். பத்தில் ஆறு இலை நான்குக்குக் கீழே இருந்தால் சீட்டு. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் பதினேழு வயலும் முடியும். இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்தவர்கள் நானும் என் மனைவியும்.

அதிகாரி கோப்பைத் திறந்து, இந்த முறை நைட்ரேட் அறுபத்தேழு என்றார். ஐம்பதுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது, குழந்தை நீலம் பாய்ந்துவிடும் என்றார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் இதைக் கேட்டதும் கீழே இறங்கிவிட்டார். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்து, ஆறு வாரக் குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள்.

பத்து வருஷமாக நாற்பதைத் தாண்டாத எண் இரண்டே வருஷத்தில் எப்படி இப்படி ஏறியது என்று அதிகாரி கேட்டார். தலைவர் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். எதிரே வருபவர் ஒதுங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையிலேயே பேசுவார். இலை பார்த்துத்தான் யூரியா போடுகிறோம், நோட்டு சாருடைய கணக்கில் ஒரு குருணை கூடாது குறையாது, அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். புதிதாக மாறியது ஒன்றுதான்: கிணற்றிலிருந்து அறுபதடியில் இருக்கும் பால்காரம்மாவின் கொட்டகையில் எட்டாக இருந்த மாடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டானது.

கடைமடைக்காரர், ஆமாம், அந்தப் பக்கம் போனாலே மூக்கு எரிகிறது என்றார். கிடங்குக்காரர் இன்னும் கடுமையாகப் பேசினார். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

பால்காரம்மா அதிகம் பேசவில்லை. சாணக்குழிக்கு சிமெண்ட் பூசியிருப்பதையும், மூத்திரம் தொட்டிக்குப் போவதையும் வந்து பார்க்கச் சொன்னார். பிறகு, "மாட்டுக்கு வாய் இல்ல. அதான் எல்லாத்தையும் அது தலையில கட்டுறீங்க" என்றார்.

முடிவு இப்படி ஆனது. கொட்டகையைக் கிணற்றிலிருந்து இருநூறு அடிக்கு அப்பால் தள்ள வேண்டும், இல்லையென்றால் மாடுகளை எடுத்துவிட வேண்டும். பால்காரம்மாவின் இடமே மொத்தம் நூற்றிருபது அடி நீளம். ஆகவே ‘இல்லையென்றால்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை; பன்னிரண்டு மாடும் போக வேண்டும் என்பதுதான் பொருள். சங்கம் பதினைந்து நாளுக்குள் காரணத்தை எழுதி அனுப்பினால், அதை வைத்து அலுவலகம் உத்தரவு போடும் என்றார் அதிகாரி. கடிதத்தை எழுத வேண்டியவர் செயலாளர்.

வீட்டுக்கு வந்து அன்று மாலையே முன்வரைவு ஒன்று எழுதினேன். ‘மேற்படி கொட்டகையே காரணம் எனக் கூட்டத்தில் கருதப்பட்டது.’ கையெழுத்து நன்றாக இருந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதற்கு என்றே வாரம் ஒரு வகுப்பு உண்டு: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. அதே பள்ளியில்தான் ஓவிய வகுப்பில் மரத்துக்குப் பழுப்பு இலையும் பச்சை அடிமரமும் தீட்டி, பிரம்பால் அடி வாங்கினேன். வேண்டுமென்றே செய்ததாக வாத்தியார் நினைத்தார். எனக்குப் பச்சையும் பழுப்பும் சிவப்பும் சரியாகப் பிரிவதில்லை. வெளிச்சம் தெரியும், கருமை தெரியும். இடையில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்று.

இது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. என் சட்டைக் காலர்களின் உட்புறம் நூலால் முடிச்சுப் போட்டுவைத்தாள்: ஒரு முடிச்சு சிவப்பு, இரண்டு முடிச்சு பச்சை, மூன்று முடிச்சு பழுப்பு. பழம் வாங்கப் போனால் என் கையிலிருந்து பழத்தை வாங்கி மெதுவாகத் திரும்ப வைத்துவிடுவாள். கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. வயலிலும் அப்படித்தான். அவள் அட்டையை வைத்துக்கொண்டு குனிவாள், நான் நிழலுக்காகப் பின்னால் நிற்பேன். அவள் "மூணு", "நாலு", "நாலு" என்பாள், நான் எழுதுவேன். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதுபோல் இருக்கும். சில இலைக்கு நின்று யோசிப்பாள். கிளிப்பச்சையில் கொஞ்சம் பால் விட்டாப்பல இருக்கு, மூணுன்னே போடுங்க என்பாள். எனக்குக் கிளி எந்த நிறம் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும்.

அவள் இறந்து மூன்றாவது வாரம், மறுபடி இலை பார்க்க வேண்டிய புதன்கிழமை வந்தது. தலைவர், துணைக்கு யாரையாவது அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்து வருஷம் என் கண்ணால் பார்ப்பதாக ஊர் நினைத்திருந்தது. அதை உடைக்க வாய் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. வேறு ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்து "மூணு" என்று சொல்லக் கேட்க எனக்கு மனம் இல்லை.

வெளிச்சத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரொம்பக் கறுத்த இலையும் ரொம்ப வெளுத்த இலையும் எனக்கும் தெரியும். நடுவில் இருப்பவற்றில்தான் சிக்கல், பயிரில் முக்கால்வாசி நடுவில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் மூன்று என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நான்கு என்று எழுதி, அது உண்மையில் மூன்றாக இருந்து, பயிர் பட்டினி கிடந்தால் ஊரே பார்க்கும். மூன்று என்று எழுதி அளவு கூடிவிட்டால் பயிர் கறுத்து நிற்கும், எல்லாருக்கும் சந்தோஷம். மிச்சம் மண்ணுக்குள் போய்விடும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? நான் இப்படித் தெளிவாக அன்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கை அப்படி எழுதியது.

இரண்டு வருஷமாக என் எண்ணோடு யாரும் சண்டை போடவில்லை. முன்பெல்லாம், ஏன் எனக்குச் சீட்டு இல்லை என்று யாராவது வாசலுக்கு வருவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. வாரத்தில் ஆறு நாள் என் வீட்டில் என் குரல் கேட்காது. புதன்கிழமை மட்டும் பதினேழு வரப்பில் பதினேழு பேர் என்னை விசாரிப்பார்கள். நான் வருவதைப் பார்த்துக் கிடங்குக்காரர், "நோட்டு வந்துட்டாரு, இலையெல்லாம் நிமிந்து நில்லுங்கப்பா" என்று கத்துவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பதே சரி.

கூட்டம் நடந்தது சனிக்கிழமை. அடுத்த புதன் வழக்கம்போல் கிளம்பினேன். பதினேழும் முடிந்தபோது பையில் பதினோரு சீட்டு இருந்தது. கொட்டகையைத் தாண்டும்போது பால்காரம்மா கூப்பிட்டார். கொட்டகைக்குப் பின்னால் மாட்டுத் தீவனத்துக்காக ஒரு துண்டில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். அது சங்கக் கணக்கில் வராது.

"இதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்கண்ணே. நோட்டுல எழுத வேணாம், வாயால சொன்னா போதும்."

கடிதம் எழுதப்போகிற ஆள் என்பதால் நைச்சியம் செய்கிறாரோ என்று எனக்கு ஒரு கூச்சம். ஆனாலும் இறங்கிப் பத்து இலை பார்த்தேன். ஏழு இலை மூன்று, மூன்று இலை நான்கு. கணக்குப்படி சீட்டுத் தகுதி உண்டு, தலைவரிடம் கேட்டு ஒரு மூட்டைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

அவர் என்னையும் பயிரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு ஒரு குருணை யூரியா போட்டதில்லை, தொட்டித் தண்ணீரும் சாணமும்தான், கறுகறுவென்று நிற்கிறது என்றார். அட்டை பழசாகி வெளுத்திருக்குமோ என்று என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். வெளுக்கவில்லை. பிறகு ஓர் இலையை இழுத்து, அட்டையை வைத்து, எண்கள் மேல் கட்டைவிரலை மூடிக்கொண்டு, எந்தக் கட்டம் என்று கேட்டார். மூன்று என்றேன். செடியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் இன்னொன்றைப் பிடித்தார். நான்கு என்றேன். மறுபடி இந்தப் பக்கம் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்று என்றேன்.

அவர் அட்டையை இறக்கினார். "மூணு தடவையும் ஒரே இலைதாண்ணே."

கொட்டகைக்குள் ஒரு மாடு சங்கிலியை இழுத்தது. நான் அட்டையை வாங்கிப் பையில் வைக்கப் பார்த்தேன். பையின் வாய் கைக்குக் கிடைக்கவில்லை.

"அண்ணி இருந்தப்ப அவங்க சொல்லுவாங்க, நீங்க எழுதுவீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"இப்ப யாரு சொல்றா?"

"யாரும் சொல்றதில்லம்மா."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்கும். அவர் அந்த இலையின் நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். இதை நான் போய்ச் சொன்னால், மாட்டைக் காப்பாற்ற ஒரு பெரிய மனிதரைக் குருடனாக்குகிறாள் என்றுதான் பேசுவார்கள் என்றார். அது நிஜம், அப்படித்தான் பேசுவார்கள்.

"நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். எழுதப்போறவரு நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிடங்கு வாசலில் கிடங்குக்காரர் சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன் கட்டிக்கொண்டிருந்தார். பேத்திக்குப் பால் கலக்கப் பக்கத்து ஊர்க் குழாயில் தண்ணீர் பிடித்துவர நாலு மைல் போக வேண்டும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. என்னைக் கண்டதும் கை நீட்டினார். இந்த வாரம் சீட்டு கிடையாது என்றேன். ஒரு வயலுக்குக்கூடவா என்றார். ஒன்றுக்கும் இல்லை என்றேன்.

"உங்க இலையெல்லாம் திடீர்னு வயிறு நிறைஞ்சுபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார். கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும் சத்தம் திருப்பம் வரைக்கும் கேட்டது. பையில் இருந்த பதினோரு சீட்டையும் வீட்டுக்கு வந்து எடுத்து வைத்தேன். கிழிக்கவில்லை. எனக்கு எதையும் கிழித்துப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை முழுவதும் பழைய நோட்டுகளோடு போயிற்று. பன்னிரண்டு வருஷத்து நோட்டும் என்னிடம் வரிசையாக இருக்கிறது. ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன்: பருவம், எழுதிய சீட்டு, கிணற்று எண். என் மனைவி பார்த்த பத்து வருஷத்தில் ஒரு பருவத்துக்கு முப்பத்திரண்டு சீட்டு, முப்பத்தைந்து சீட்டு; ஒரே ஒரு முறை, மழை கொட்டித் தீர்த்த வருஷம், முப்பத்தொன்பது. கிணற்று எண் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தேழு. நான் தனியாகப் பார்த்த முதல் பருவம் ஐம்பத்தெட்டு சீட்டு, எண் நாற்பத்தொன்பது. அடுத்தது அறுபத்தொன்று, எண் அறுபத்தேழு. மாடு நாலு கூடியதும் அதே சமயம்தான். ஆனால் நாலு மாட்டின் சாணத்துக்கும் மூத்திரத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் கூடுதலாக எழுதிய சீட்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதிலும் பாதி அந்தத் தீவனப் பயிர் தின்றுவிடுகிறது.

பக்கங்களைப் புரட்டும்போது நடுவில் சில இடங்களில் அவள் கையெழுத்து வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த வாரங்களில் அவளே எழுதியவை. எண்ணை எழுதிவிட்டு, ஓரத்தில் ‘இங்கே புழு’, ‘இவர் வரப்பை வெட்டிக்கொண்டே போகிறார்’, ‘தண்ணீர் வாங்கிக் குடித்தேன்’ என்றெல்லாம் குறித்திருக்கிறாள். மூன்றாவது பத்தியை நிரப்ப அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் ரேடியோவைப் பிரித்து மேஜையில் பரப்பியிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருஷமாக இருபத்திரண்டு வீட்டையும் முட்டாளாக்கியிருக்கிறீர் என்றார். சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு குரல் இறங்கியது. இது வெளியே தெரிந்தால் சங்கமே கலகலத்துப்போகும், அட்டையும் வேண்டாம் சீட்டும் வேண்டாம் என்று ஆளாளுக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார்கள் என்றார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஒருவர் பார்க்கட்டும், எண் தானாக இறங்கிவிடும், எவருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்றார்.

"அப்ப மாடு?"

"மாடு இன்னைக்கு வித்தா நாளைக்கு வாங்கிக்கலாம். பேரு போனா வாங்க முடியுமா?" திருகாணியைக் கீழே வைத்தார். "நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். இந்த வேலையும் போயிட்டா புதன்கிழமை என்ன பண்ணுவீங்க? ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளயே எத்தனை நாள் உக்காந்திருக்க முடியும்?"

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். வழியனுப்ப வாசல்வரை வந்த தலைவர், யோசியுங்கள் என்றார். யோசித்துக்கொண்டுதான் நடந்தேன். முன்வரைவை அப்படியே அனுப்பினால் என்ன நடக்கும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மாடும் லாரியில் ஏறும். நான் மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி அட்டையை வேறு கையில் கொடுப்பேன். எண் இறங்கும். மாடு போனதால்தான் இறங்கியது என்று ஊர் சொல்லும், அதையும் நானே நோட்டில் எழுதுவேன். கிடங்குக்காரர் என்னைப் பார்த்துக் கத்துவார், நான் சிரிப்பேன். இவ்வளவும் நடக்கக்கூடியதுதான். நடந்தபிறகு அந்த நோட்டை எந்த அலமாரியில் வைப்பேன் என்பதுதான் தெரியவில்லை. அவளுடைய பத்து வருஷத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க என்னால் ஆகாது.

திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதினேன். முதலில் சங்கத்தின் கடிதம். கூட்டத்தில் என்ன பேசப்பட்டதோ அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன்; அதை மாற்றச் செயலாளருக்கு உரிமை இல்லை. அதன் கீழே, தனித் தாளில், என் பெயரில் இன்னொரு கடிதம்.

‘ஐயா, மேற்படி கூட்டத்தில் கருதப்பட்ட காரணம் தவறு என்று நான் நம்புகிறேன். நம்புவதற்கான காரணங்கள் வருமாறு. ஒன்று: எனக்குப் பச்சை நிறத்தின் வேறுபாடுகள் தெரிவதில்லை. இது பிறவியிலிருந்தே உள்ளது. எந்தக் கண் மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் உறுதிசெய்யலாம். இரண்டு: முதல் பத்து வருஷம் இலை நிறத்தைப் பார்த்தவர் என் மனைவி, நான் எழுதினேன், அவ்வளவே. மூன்று: கடந்த இரண்டு பருவமாகவும் இந்தப் பருவத்திலும் சென்ற வாரம் வரை, தெரியாத இடங்களில் நானாக மூன்று என்று எழுதி, தேவையில்லாத யூரியாவுக்குச் சீட்டுக் கொடுத்தேன். பருவவாரியான பட்டியல் இணைப்பில் உள்ளது. நான்கு: கொட்டகையின் பங்கு எதுவுமே இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அது சிறியது. உத்தரவு போடுவதற்கு முன்னால் கொட்டகைக்கு மேட்டுப் பக்கத்திலும் பள்ளத்துப் பக்கத்திலும், வயல்களின் நடுவிலும் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.’

இதோடு நிறுத்தியிருக்கலாம். செயலாளர் என்கிற முறையில் இன்னும் மூன்று விஷயம் எழுத வேண்டும்போல் இருந்தது. இனி எழுதச் சந்தர்ப்பம் வராது. இப்போது நிற்கும் பயிருக்கு இந்தப் பருவம் முழுவதும் யூரியா வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே அந்தச் சத்து கரைந்து கிடக்கிறது, பாய்ச்சும்போது அதுவே ஓர் உரம், பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் கிணறும் தெளியும். அறுவடைக்குப் பிறகு நிலத்தை வெறுமனே போடாமல் ஏதாவது ஒரு பசும்பயிரை விதைத்தால் மிச்சம் கீழே இறங்காமல் நிற்கும். இலை பார்க்கும் வேலையைப் பால்காரம்மாவிடம் கொடுக்கலாம். அவருக்குக் கண் நன்றாக இருக்கிறது, எண்ணை மூடிவைத்துக் கேட்கவும் தெரிந்திருக்கிறது. கடைசியில் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக ஒரு வரி. அதை எழுதும்போது மட்டும் பேனா இரண்டு முறை நின்றது. மையில் குறை இல்லை.

நகல் இரண்டு எடுத்தேன். ஒன்றைத் தலைவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு செவ்வாய் மதியம் கிடங்குக்குப் போனேன். கிடங்குக்காரருக்குக் கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து, காலியான கேன் ஒன்றின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். முடித்ததும், "பச்சப் புள்ளைங்க" என்று ஆரம்பித்தவர் கேனை மூலைக்குத் தள்ளினார். கிடங்கைப் பூட்ட வேண்டும் என்றார். பூட்டுகிற நேரம் ஆகியிருக்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் புதன். ஏழு மணிக்கு எழுந்து, சட்டை போட்டு, பழக்கதோஷத்தில் நோட்டைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தேன். வயல் வழியாகப் போகாமல் ரோட்டைச் சுற்றிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். திறக்க இன்னும் நேரம் இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து கடிதத்தை ஒருமுறை படித்தேன். நான்காவது காரணத்தில் ‘சிறியது’ என்ற சொல்லுக்குக் கீழே மை கசிந்திருந்தது. படிக்க முடிந்ததால் விட்டுவிட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் எனக்கு முகப்பழக்கம்தான். பதிவுத் தபால் என்றேன். தாள்களை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பட்டியல் மேலே, என் கடிதம் நடுவில், சங்கக் கடிதம் கீழே இருந்தது. வரிசை தப்பு என்று வெளியே எடுத்துச் சரிசெய்து மறுபடி போட்டேன். பசைப் புட்டி காய்ந்துபோயிருந்தது. அவர் தன் மேஜையிலிருந்து வேறொன்று எடுத்துக் கொடுத்தார். ஓரம் முழுக்கத் தடவி, மடிப்பை விரலால் மூன்று முறை தேய்த்தேன்.

"இன்னைக்கே போயிடுமா?"

"பதினொரு மணி வண்டியில போயிடும். அவசரமா?"

"இல்ல. போனா சரி."

அவர் எடை பார்த்து, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, உறையைப் பின்னால் இருந்த பையில் போட்டார். மணி ஒன்பதரை. போவதற்கு எனக்கு இடம் எதுவும் இல்லாததால் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் பையின் வாயைச் சுருக்கிக் கயிறு கட்டி, அரக்கு உருக்கி வைத்து, வாசலில் வந்து நின்ற வண்டியில் தூக்கிப் போட்டார்.